உயில் எழுதியாச்சு, சரி. எங்கே வைத்திருக்கிறீர்கள்?

சேலத்தில் சொத்து வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். உயில் எழுத வருகிறவர்களிடம், "இதை எங்கே வைக்கப்போறீங்க?" என்று கேட்காமல் விடுவதில்லை. பெரும்பாலும் வருகிற பதில் பேங்க் லாக்கர். லாக்கர் அவர் ஒருவர் பெயரில் இருக்கும், நாமினியும் போட்டிருக்க மாட்டார். அவர் காலமானதும், உரிமை யாருக்கு என்று காட்டும் காகிதத்தை வங்கி கேட்கும். அந்தக் காகிதம் லாக்கருக்குள் இருக்கும்!

உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, முத்திரைத்தாளும் தேவையில்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். சார்பதிவாளர் அலுவலகத்தின் 3-ஆம் புத்தகத்தில் அது ஏறிவிடும். மூலம் தொலைந்தாலும் நகல் வாங்கலாம். எழுதியவர் இருக்கும்வரை அவருக்கோ அவர் ஏஜென்டுக்கோ தவிர யாருக்கும் நகல் கிடைக்காது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் உயில் பதிவானது தெரியாது. அதோடு, சொத்து ஏற்காட்டில் இருந்தாலும் உயிலை எந்த ஊர் ஆபீசிலும் பதியலாம். அதனால்தான் அப்பா ஓமலூரில் பதிந்தாரா, ஆத்தூரிலா என்று பிள்ளைகள் அலைகிறார்கள். ஆவண எண், ஆண்டு, அலுவலகம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி உண்டு. பதிவுச் சட்டம், 1908-இன் 42-ஆம் பிரிவுப்படி உயிலை உறையிலிட்டு, சீல் வைத்து, மேலே பெயரையும் உள்ளே இருப்பது உயில் என்பதையும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். கொண்டுவந்த நாள், மணி, அடையாளம் காட்டியவர் பெயர், சீலில் படிக்க முடிகிற எழுத்து வரை 5-ஆம் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, உறையைத் தீப்பிடிக்காத பெட்டியில் வைப்பார். மனம் மாறினால் நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இறந்த பிறகு யாராவது விண்ணப்பித்தால் அவர் முன்னிலையில் பிரித்து, 3-ஆம் புத்தகத்தில் நகலெடுப்பார்கள். ஒன்று கவனியுங்கள்: உள்ளே இருப்பது சரியான உயிலா என்று ஒப்படைக்கும்போது யாரும் பார்ப்பதில்லை. இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இல்லையென்றால், எத்தனை சீல் வைத்தும் பயனில்லை.

பதிவு ஆபீஸ் வாசலில் நிற்கிறவரைச் சாட்சியாகப் பிடிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. பதிந்த உயிலானாலும், வழக்கு என்று வந்தால் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். உங்களைவிட வயதில் சிறியவராக, ஊரிலேயே இருப்பவராகப் பாருங்கள்.

அப்புறம் பவர் பத்திரம், அதாவது உங்கள் சார்பில் சொத்தைக் கையாள இன்னொருவருக்கு (ஏஜென்ட்) அதிகாரம் கொடுக்கும் பத்திரம். அஸ்தம்பட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு மூத்த மகனிடம் பவர் கொடுத்திருந்தார். அவர் காரியம் முடிந்த மறுவாரம் மகன் வந்து, "பவர் ரிஜிஸ்தர் பண்ணதுதான் சார், கிரயம் பண்ணிடலாம்ல?" என்றார். முடியாது. கொடுத்தவர் இறந்ததும் சாதாரண பவர் முடிந்துபோகும்; இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. தம்பி தங்கைகளுக்கும் பங்கு உண்டு என்பதை அன்றைக்குத்தான் அவர் காதில் போட முடிந்தது.

தமிழ்நாட்டில் 2012 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, இங்கே எழுதப்படும் அசையாச் சொத்துப் பவரைப் பதிவது கட்டாயம். ரத்து செய்வதென்றால் ரத்துப் பத்திரத்தையும் அதே அலுவலகத்தில் பதியுங்கள். ஏஜென்டுக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, அவர் பெற்றுக்கொண்டதற்கான சான்றைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். ரத்தானது அவருக்குத் தெரியவரும் வரை, அவரைப் பொறுத்தமட்டில் பவர் நடப்பில்தான் இருக்கும். மூலப் பத்திரம் அவரிடம் இருந்தால், எழுதி வாங்கிக்கொண்டு திரும்பப் பெறுங்கள்.