கல்வெட்டைப் படம் எடுத்து அனுப்பும் முன்

"சார், இது எந்தக் காலத்துக் கல்?" என்று கேட்டு அடிக்கடி வாட்ஸ்அப்பில் படங்கள் வருகின்றன. குடியாத்தம், ஆற்காடு பக்கத்து இளைஞர்கள் ஏரிக்கரையிலும் முட்புதரிலும் கண்ட நடுகற்கள். ஆவணப்படுத்தும் தொழிலில் இருப்பவனுக்கு இதைவிட மகிழ்ச்சி ஏது? ஆனால், எந்த ஊர் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. யாரோ குழுவில் போட்டதாம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எடுத்த இடம், நேரம் பற்றிய விவரமும் போய்விடும். டாகுமெண்ட்டாக அனுப்புங்கள். ஊர், வட்டம், கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதையும் எழுதுங்கள்.

மாவட்டப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து 1911-இல் சித்தூர் பிரிந்தது, 1989-இல் வட ஆற்காடே இரண்டானது, 2019-இல் வேலூர் மூன்றானது. உதாரணத்துக்கு, விரிஞ்சிபுரம் கோயிலில் விஜயநகர காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. கல்யாணத்துக்காகப் பெண்ணைப் பெற்றவர் பொன் வாங்கக் கூடாது, மாப்பிள்ளை கொடுக்கவும் கூடாது, கன்னியாதானமாகவே நடக்க வேண்டும் என்று, விஜயநகர ஆட்சிக்கு உட்பட்ட படைவீட்டு ராஜ்யத்து அந்தணர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. மீறினால் சாதியிலிருந்து விலக்கு. 1890-இல் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் இருக்கிறது. ஸ்கேன் பிரதி இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் அதில் வட ஆற்காடு என்றுதான் இருக்கும். இன்றைக்கு விரிஞ்சிபுரம் வேலூர் மாவட்டம், படைவீடு திருவண்ணாமலை மாவட்டம். பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுத் தேடினால்தான் அகப்படும்.

ஜூலை 10 வந்தால் இன்னொரு தலைவலி. 1806 வேலூர்ப் புரட்சி என்று 1857 டெல்லி ஓவியம் சுற்றும். இப்போது ஏஐ படங்கள் வேறு. பகிரும் முன், படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்பு, பெயின்ட் பூசாதீர்கள். கல்லுக்கு அது கெடுதல். மாலை மங்கியதும் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து எடுங்கள்; தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். கல்லைச் சுற்றி வந்து, ஒரு படத்தில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வரும்படி எடுத்தால், கணினியில் முப்பரிமாண மாதிரியே செய்துவிடலாம்.

கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லின் துல்லியமான லொக்கேஷனைப் பொதுவில் போட வேண்டாம். புதையல் தேடிக் கடப்பாரையோடு வருபவர்களும் அதே பதிவைத்தான் பார்க்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் தெரிவியுங்கள்.