செவிலித்தாய் முதலிலேயே சொன்னாள்

"இவளும் ஒரு மெடியாதானே டாக்டர்?" என்று கேட்டவர் நன்றாகப் படித்தவர், கல்லூரியில் பாடம் எடுப்பவர். பெற்ற பச்சைக் குழந்தையைக் கொன்ற ஒரு பெண்ணைப் பற்றிப் பேப்பரில் 'கல்நெஞ்சத் தாய்' என்று தலைப்பு வந்த நாள் அது. அன்று காலைதான் அந்தப் பெண்ணை வார்டில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வாசலில் ஒரு பெண் காவலர் உட்கார்ந்திருந்தார். பிரசவமாகிப் பத்தொன்பது நாள். ஜாக்கெட்டின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. மணிக்கட்டில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. "பாப்பாவ எப்போ மாத்தித் தருவீங்க?" என்று என்னிடம் கேட்டாள். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். கல்லூரிக்காரருக்கும் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மெடியா, கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் கி.மு. 431-ல் ஏதென்ஸில் மேடையேற்றிய நாடகம். அந்த வருடப் போட்டியில் மூன்று பேரில் அவருக்கு மூன்றாவது இடம்தான் கிடைத்தது. கணவன் ஜேசனுக்காகத் தகப்பனை ஏமாற்றி, சொந்த மண்ணை விட்டு வந்தவள் மெடியா. கொரிந்துக்கு வந்ததும் அவன் அரசன் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறான். அரசன் இவளை நாடுகடத்துகிறான். கெஞ்சி ஒரே ஒரு நாள் அவகாசம் வாங்குகிறாள். அந்த நாள் முடிவதற்குள் புதுப்பெண்ணும் அரசனும் சாகிறார்கள், தன் இரண்டு மகன்களையும் அவளே கொல்கிறாள். ஜேசனுக்கு வலிக்க வேண்டும் என்பதற்காக. செய்யப்போவது தீமை என்று தெரிந்தும், தன் ஆத்திரம் யோசனையை மீறி நிற்கிறது என்று அவள் வாயாலேயே சொல்கிறாள்.

அப்படிப்பட்ட தாய் நிஜத்திலும் உண்டு. ஆனால் மிக அரிது. அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிலிப் ரெஸ்னிக், பெற்றோர் பிள்ளையைக் கொன்ற 131 வழக்குகளை 1969-ல் காரணம் பார்த்து ஐந்து வகையாகப் பிரித்தார். துணையைப் பழிவாங்கச் செய்தது எண்ணிக்கையில் கடைசி. முதலில் நின்றது, பிள்ளையின் நன்மைக்காகவே செய்கிறோம் என்று நம்பிச் செய்தது. இது நமக்குப் புதிதா என்ன? பசி தாங்காத ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காளுக்கு வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோயில் இருக்கிறது. அவளுக்குக் கண்ணீர் விடுகிறவர்கள்தான் பேப்பரில் பார்த்தவளைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள்.

என் வார்டில் இருந்தவளைக் கிரேக்கத்தில்தான் தேட வேண்டும் என்றால், அகாவியிடம் போயிருக்க வேண்டும். அதே யூரிப்பிடிஸின் கடைசிக் காலத்து நாடகமான 'பாக்கே'யில் வருகிறவள். மதுக் கடவுள் டயோனிசஸ் ஏற்றிய வெறியில், மகன் பென்தியூஸைச் சிங்கம் என்று நினைத்துக் கொன்று, தலையைக் கையில் ஏந்தி வேட்டைப் பெருமை பேசியபடி வருகிறாள். அவளுடைய அப்பா காட்மஸ் அடிக்கவில்லை, கத்தவில்லை. முதலில் வானத்தைப் பார் என்கிறார். முன்புபோல்தான் இருக்கிறதா, மாறித் தெரிகிறதா? யார் வீட்டில் வாழ்க்கைப்பட்டாய்? உன் மகன் பெயர் என்ன? கையில் இருப்பது யாருடைய முகம்? படிப்படியாகத்தான் இறக்குகிறார். இளம் மருத்துவர்களுக்கு இந்தக் காட்சியைப் படிக்கச் சொல்வேன். தெளிவு வரும் நாள்தான் எங்களுக்குப் பயமான நாள். அன்று அவளைத் தனியே விடவே கூடாது.

"புத்தி கெட்டவளா இருந்தா கதவ எப்படித் தாழ்ப்பாள் போட்டா? ஆள் இல்லாத நேரம் பார்த்து எப்படிச் செஞ்சா?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போலீஸ் கேட்கிறது, உறவுக்காரர் கேட்கிறார், சில வக்கீல்களும் கேட்கிறார்கள். மனநோய் என்றால் துணியைக் கிழித்துக்கொண்டு தெருவில் ஓடுவது என்று யார் சொன்னது? அவள் காலையில் இட்லி ஊற்றியிருப்பாள். மாமியாரிடம் பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்லியிருப்பாள். நம்பிக்கைதான் பிசகியிருக்கிறது, திட்டமிடும் மூளை ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. டெக்சாஸில் 2001-ல் ஆண்ட்ரியா யேட்ஸ், கணவர் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் ஐந்து பிள்ளைகளையும் கொன்றார். போலீஸுக்கும் அவரேதான் போன் செய்தார். பிள்ளைகளை நரகத்திலிருந்து காப்பாற்றியதாக நம்பினார். 2002-ல் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 2006-ல் மனநோயால் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தது.

மெடியாவிடம் படிக்க வேண்டியது அவளுடைய வீட்டு ஆட்களைத்தான். நாடகம் தொடங்கியதுமே செவிலித்தாய் சொல்லிவிடுகிறாள், இவளுக்குப் பிள்ளைகளைப் பார்த்தாலே பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது என்று. பையன்களை அழைத்து வருகிறவரிடம், அம்மா பக்கம் விடாதே என்கிறாள். விடத்தான் செய்கிறார்கள். பிள்ளைகள் உள்ளே அலறும்போது கொரிந்துப் பெண்கள் வெளியே நின்று, உள்ளே போகலாமா என்கிறார்கள். போவதில்லை.

என் கேஸிலும் மாமியார் மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தார். "பத்து நாளைக்கு முன்னாடியே சொன்னா சார், இது என் பிள்ள இல்ல, கண்ணு வேற மாதிரி இருக்குன்னு. நாலு ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. பச்ச உடம்புக்காரி, காத்து கருப்பு அடிச்சிருக்கும்னு மந்திரிச்சோம்." பெண்ணின் அம்மா மெதுவாக இன்னொன்று சொன்னார். காலேஜ் படிக்கும்போது ஒருமுறை இப்படி ஆகி மாத்திரை சாப்பிட்டாளாம். கல்யாணத்துக்கு மறைத்துவிட்டார்களாம்.

அம்மாமார்களே, மறைக்காதீர்கள். குறைந்தபட்சம் மகப்பேறு மருத்துவரிடமாவது சொல்லுங்கள். முன்பே இருதுருவ மனநோய் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய்) இருந்தவளுக்குப் பிரசவத்துக்குப் பின் ஆபத்து பல மடங்கு. பால் கொடுக்கிறாள் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எது கொடுக்கலாம் என்று எங்களுக்குத் தெரியும்.

பிரசவத்துக்குப் பின்வரும் இந்தத் தீவிர மனநோய் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். குழந்தை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வரவில்லையா, பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்கிறாளா, காதில் குரல் கேட்கிறதா, பிள்ளையும் நானும் போய்விடுகிறோம் என்கிறாளா? வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரி. அதுவரை குழந்தை உங்கள் கையில், அவள் பக்கத்தில் ஒரு ஆள். ராத்திரி எத்தனை மணியானாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். கோயிலுக்கும் போங்கள், நான் தடுக்கவில்லை. ஊசி போட்டுவிட்டுப் போங்கள். இது குணமாகிற நோய்.

போன மாதம் அந்தப் பெண்ணின் தங்கை வந்தாள். ஏழாம் மாதம். கூட வந்தது மாமியார். "இவளுக்கும் வருமான்னு கேக்கலாம்னு வந்தோம் டாக்டர். அக்கா கதைய எங்ககிட்ட முதல்லயே சொல்லிட்டாங்க." நோட்டை எடுத்து, பிரசவத் தேதியை மேலேயே எழுதிக்கொண்டேன்.