தாலி கட்டும் முன் எந்தச் சட்டம் என்று முடிவு செய்யுங்கள்

சினிமாவில் காதலர்கள் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். நண்பர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட, மதியத்துக்குள் ரிஜிஸ்டர் கல்யாணம் முடிந்துவிடும். இல்லையென்றால் ஏதாவதொரு கோயிலில் தாலி. இந்துப் பெண்ணையோ பையனையோ விரும்பும் கிறிஸ்தவ இளைஞர்களில் பலர் இதை நம்பித்தான் ஆலோசனைக்கு வருகிறார்கள். தாலி கட்டிய பிறகு வருகிறவர்களை நினைத்தால்தான் கவலை.

இந்து திருமணச் சட்டம், 1955 ஒரு இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் நடக்கும் திருமணத்துக்குப் பொருந்தாது. அதே சட்டத்தில் தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணத்துக்காக உள்ள 7ஏ பிரிவும் அப்படியே. அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து சான்றிதழ் வாங்கினாலும் பயனில்லை. கத்தோலிக்க ஆணுக்கும் இந்துப் பெண்ணுக்கும் கோயிலில் நடந்து, பதிவும் ஆன ஒரு திருமணம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஜீவனாம்சம், வாரிசுரிமை என்று ஒரு நெருக்கடி வரும்போதுதான் இந்த ஓட்டை தெரியும்.

மதம் மாறாமல் மணக்க நேரான வழி சிறப்புத் திருமணச் சட்டம், 1954. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் ஒட்டப்படும். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்குள்ள அலுவலகத்துக்கும் நகல் போய் ஒட்டப்படும். ஊருக்குத் தெரிய வருவது பெரும்பாலும் இப்படித்தான். 30 நாளுக்குள் ஆட்சேபம் வரலாம். ஆனால் வயது, ஏற்கெனவே வாழ்க்கைத்துணை இருப்பது, தடை செய்யப்பட்ட உறவுமுறை, மனநலம் தொடர்பான தகுதி ஆகியவை மட்டுமே ஆட்சேபத்துக்குக் காரணமாகும். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்ற பெற்றோரின் கடிதம் ஆட்சேபம் ஆகாது. திருமண நாளில் மூன்று சாட்சிகள் வேண்டும். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தேவாலயத்தில் மணக்க விரும்பினால் இந்திய கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872 இருக்கிறது. இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். ஆனால் நடத்தி வைப்பவருக்கு அந்த அதிகாரம் இருக்க வேண்டும். சுயாதீன சபைப் போதகர் என்றால், திருமணம் நடத்த அரசு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல.

பல சபைகளில் மற்றவரும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்பார்கள். விசுவாசம் இல்லாமல், மண்டபத்தை புக் செய்துவிட்ட அவசரத்துக்காக எடுக்கும் ஞானஸ்நானத்தை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. சட்ட விளைவும் உண்டு. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறியவர் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குள் வருகிறார். வேலையோ படிப்போ அந்தச் சான்றிதழைச் சார்ந்திருந்தால் முதலிலேயே மனம்விட்டுப் பேசுங்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை, மற்றவர் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற வேண்டும் என்று கேட்பதில்லை. ஆனால் கிறிஸ்தவர் அல்லாதவரை மணக்க, பங்குத்தந்தை வழியாக ஆயரிடம் (பிஷப்) விதிவிலக்குப் பெற வேண்டும். கத்தோலிக்கர் இரண்டு உறுதிகள் தருவார்: விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகள் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்று அந்த விசுவாசத்தில் வளர என்னாலானதைச் செய்வேன். மற்றவர் உறுதி தர வேண்டியதில்லை; ஆனால் இந்த உறுதிகளைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சினிமா தொடாத இடம் இது. பெயர் சூட்டுவதா, திருமுழுக்கா, இரண்டுமா என்று குழந்தை பிறந்த பிறகு இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கு நடுவில் முடிவு செய்வது மிகவும் கடினம். இதைத் திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்குப் போகும் முன்பே நீங்கள் இருவரும் பேசிவிடுங்கள்.

ஏற்கெனவே பதிவுத் திருமணம் மட்டும் முடித்த கத்தோலிக்கர்கள், இனி தேவாலயத்தின் பக்கமே போக முடியாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டாம். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் நடந்திருந்தால் நாட்டுச் சட்டப்படி அது செல்லும். திருச்சபை முறைப்படி அதைச் செல்லுபடியாக்கவும் வழி இருக்கிறது. பதிவுச் சான்றிதழையும் புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழையும் கொண்டுபோய் உங்கள் பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.