இறக்குமதியால் வேலை போனதா? அமெரிக்காவின் டி.ஏ.ஏ. திட்டம் என்ன தந்தது, இப்போது என்ன நிலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ‘டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ்’ (சுருக்கமாக டி.ஏ.ஏ.) என்ற இந்தத் திட்டத்தில் புதிதாகச் சேர இப்போது வழியில்லை. அதன் சட்டக் காலம் முடிந்ததால், 2022 ஜூலை 1 முதல் அமெரிக்கத் தொழிலாளர் துறை புதிய மனு எதையும் விசாரித்து, ‘வெளிநாட்டு வணிகத்தால்தான் வேலை போனது’ என்று சான்று தருவதில்லை. முன்பே சான்று பெற்ற ஆலைகளின் தொழிலாளர்களுக்கு மட்டும் பாக்கிச் சலுகைகள் உண்டு. காலம் முடிந்த திட்டத்தை எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்? வரி, இறக்குமதி என்று பேச்சு எழும்போதெல்லாம் இதை மறுபடி திறக்க வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே எழுகிறது. அதனால்தான்.

வேலை ஏன் போனது என்பதைத்தான் இந்தத் திட்டம் முதலில் கேட்கும். வேலை இழந்தவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண வேலையில்லாக் காப்பீடு 26 வாரம் வரை கிடைக்கும். வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்ததாலோ, முதலாளி உற்பத்தியை வேறு நாட்டுக்கு மாற்றியதாலோ வேலை போயிருந்தால், அதற்கு மேலும் கை கொடுப்பதுதான் டி.ஏ.ஏ. புது இயந்திரம் வந்து வேலை போன பக்கத்து வீட்டுக்காரருக்கு இதில் பங்கில்லை. இது நியாயமா என்று கேட்டால், எனக்கு இன்றும் சரியான பதில் தெரியவில்லை.

1962-ல் கென்னடி காலத்தில் இறக்குமதி வரிகளைக் குறைக்கும் சட்டத்தோடு ஒட்டி வந்தது இது. வணிகம் பெருகினால் நாட்டுக்கு லாபம், அதில் அடிபடுகிறவர்களை அரசு தாங்கும் என்பது பேச்சு. ஆனால் நிபந்தனைகள் எவ்வளவு கடுமை என்றால், முதல் ஏழு ஆண்டுகள் தொழிலாளர்களின் ஒரு மனுகூடத் தேறவில்லை. 1974-ல் சட்டத்தைத் தளர்த்திய பிறகுதான் திட்டத்துக்கு உயிர் வந்தது.

இனி வருவதெல்லாம் திட்டம் நடந்த காலத்து விதிகள். மனுவைத் தனி ஆளாகக் கொடுக்க முடியாது. ஒரே ஆலையைச் சேர்ந்த சிலர் சேர்ந்து கொடுக்கலாம். தொழிற்சங்கமோ, நிறுவனமோ, மாநில வேலைவாய்ப்பு அலுவலகமோ கொடுக்கலாம். வேலை போய் ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் விசாரணை. விசாரணை அதிகாரி ஆலையின் விற்பனைக் கணக்கைக் கேட்பார். அதோடு நிற்காமல் அந்த ஆலையிடம் சரக்கு வாங்கிக்கொண்டிருந்த கடைகளுக்கும் கேள்வித்தாள் போகும்: நீங்கள் இவர்களிடம் வாங்குவதைக் குறைத்தீர்களா, அதே நேரம் வெளிநாட்டுச் சரக்கு வாங்குவது கூடியதா? அந்தப் பதிலில்தான் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கதி அடங்கியிருக்கும். 40 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி.

சான்று கிடைத்தால், மனு கொடுத்த நாளுக்கு ஓராண்டு முன்பிருந்து, சான்று தந்த நாளுக்கு இரண்டாண்டு பின்பு வரை வேலை இழந்த எல்லோரும் அதில் அடக்கம். மனுவில் கையெழுத்துப் போடாதவர்களும்தான். பாதிக்கப்பட்ட ஆலைக்கு உதிரிபாகம் கொடுத்து வந்த சிறு ஆலைக்காரர்களும் தனியே மனு போடலாம்.

சரி, என்னதான் கிடைக்கும்? முக்கியமானது பயிற்சி. கல்லூரிக் கட்டணம், புத்தகம் எல்லாம் அரசு செலவு. படிக்கும் காலத்தில் வீட்டுச் செலவுக்கு வாராவாரம் ஒரு தொகை. வேலையில்லாக் காப்பீட்டில் வந்த அதே அளவு. காப்பீட்டு வாரங்களையும் சேர்த்து 130 வாரம் வரை இது நீளும். ஆனால் 26 வாரக் கெடுவுக்குள் பயிற்சியில் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பயிற்சியிலிருந்து விலக்கு வாங்கியிருக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் வாரப்பணம் கைநழுவிவிடும்.

50 வயது தாண்டியவர்களுக்கு வேறு வழி உண்டு. மணிக்கு 20 டாலர் வாங்கியவர் இப்போது 14 டாலர் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சம்பளம் 41,600-லிருந்து 29,120 டாலராக இறங்குகிறது. விழுந்த பள்ளத்தில் பாதியை, அதாவது ஆண்டுக்கு 6,240 டாலரை அரசு நிரப்பும். இரண்டு ஆண்டுதான், மொத்தம் 10,000 டாலர் உச்சவரம்பு. ஆக, இவருக்கு இரண்டாம் ஆண்டில் முழுத்தொகை வராது. புதுச் சம்பளம் ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டினால் எதுவும் இல்லை. வேலை தேடிப் போகும் செலவுக்கும், ஊர் மாறுவதற்கும் தனித்தனிப் படி உண்டு.

காகிதத்தில் தாராளம்தான். நார்த் கரோலினாவின் கன்னாபொலிஸ் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த பில்லோடெக்ஸ் நிறுவனம் 2003 ஜூலை 30 அன்று ஆலைகளை மூடியது. அந்த மாநிலத்தில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்டோருக்கு ஒரே நாளில் வேலை போனது. (நம் கரூரிலிருந்து இதே சரக்கு அமெரிக்காவுக்குப் போவதை நினைத்தால் சற்று நெருடுகிறது.) டி.ஏ.ஏ. சான்று கிடைத்தது. ஆனால் அவர்களில் பலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள், தறியை விட்டால் வேறு வேலை அறியாதவர்கள். புதுத் தொழில் கற்பதற்கு முன் பள்ளி முடித்ததற்கு இணையான தேர்வுக்கு உள்ளூர்க் கல்லூரியில் உட்கார வேண்டியிருந்தது. 50 வயதில், வாரப்பணத்துக்குக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது.

2009-ல் சேவைத் துறையினரையும் சேர்த்தார்கள். இந்தியாவுக்கு மாறிய கால் சென்டர், மென்பொருள் வேலைகளை இழந்தவர்களும் சான்று பெற்றார்கள். ஒரு முனையில் சென்னை ஓ.எம்.ஆரில் ஒருவர் பணியில் சேரும்போது, மறுமுனையில் ஒருவர் இந்த மனுவை நிரப்பிக்கொண்டிருந்திருக்கலாம். நடுவில் இருமுறை விட்டுப்போய்த் திரும்பி வந்த அந்தச் சலுகை, 2021 ஜூலையில் மறுபடி பறிபோனது. அடுத்த ஆண்டு திட்டமே நின்றது.

பழைய சான்றின் கீழ் வருகிறவர், 2022 ஜூன் 30 அல்லது அதற்கு முன் வேலை இழந்தவர் என்றால், இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். போகும்போது சான்றின் எண்ணையும் ஆலை கொடுத்த பணிநீக்கக் கடிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.