கொசுவின் ஜீனை மாற்றினால் மலேரியா நிற்குமா?

"மருந்து அடிக்கிறாங்க, தொட்டிய மூடச் சொல்றாங்க. கொசுவோட ஜீனையே மாத்திட முடியாதா?" என்று தங்கச்சிமடத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆய்வகக் கூண்டுக்குள் மாற்றிவிட்டார்கள். அதுவும் அவர் ஊர் இருக்கும் ராமேஸ்வரம் தீவில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவிலேயே.

ஸ்டீபன்சிக்குச் சாக்கடை வேண்டாம், நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர் போதும். சிமெண்ட் தொட்டியில் டார்ச் அடித்துப் பாருங்கள். க்யூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழுவோ நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும்.

பெற்றோரில் ஒருவரிடம் மட்டும் ஒற்றைப் பிரதியாக இருக்கும் ஜீன், பிள்ளைகளில் பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேரும். 2015-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அந்தோணி ஜேம்ஸ், ஈத்தன் பியர் குழுவினர் இந்தக் கணக்கையே மாற்றினார்கள். மலேரியா ஒட்டுண்ணியைத் தாக்கும் எதிர்ப்பொருள் ஜீன்களோடு, டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் கத்தரிக்கான ஜீனையும் ஒரே தொகுப்பாக்கி, கண்ணுக்கு நிறம் தரும் ஜீனுக்குள் செருகினார்கள். விந்தும் முட்டையும் உருவாகும் செல்களில் அந்தக் கத்தரி, ஜோடிக் குரோமோசோமில் அதே இடத்தைத் தேடிப்போய் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட டிஎன்ஏவை அப்படியே விட்டுவைக்க செல்லால் முடியாது. பக்கத்தில் இருக்கும் ஜோடியைப் பார்த்து எழுதிச் சரிசெய்கிறது. அந்த ஜோடியில்தான் புதுத் தொகுப்பு இருக்கிறதே! கத்தரி உட்பட அத்தனையையும் செல்லே தன் கையால் படியெடுத்துக்கொள்கிறது. பாதிக்குப் பதிலாக ஏறத்தாழ 99.5 சதவீதப் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. உயிர் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் பழுதுபார்ப்பையே பரப்பும் வழியாக்கிய இந்த யோசனை எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது.

ஆனால் தாயின் முட்டை வழியாக வரும் கத்தரி, கருவில் சீக்கிரமே வெட்டிவிடுகிறது. செல் படியெடுக்காமல் வெட்டுமுனைகளை அவசரமாக ஒட்டிவிட, அங்கே டிஎன்ஏவின் எழுத்து மாறிப்போகிறது. மாறிய இடத்தைக் கத்தரிக்கு அடையாளம் தெரியாது, அங்கே புதுத் தொகுப்பு படியேறாது. காட்டுக் கொசுக்களில் அந்த இடம் இயற்கையாகவே மாறியிருந்தாலும் இதே கதிதான். தவிர, அந்த எதிர்ப்பொருள்கள் பால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி வகைக்கானவை. ராமேஸ்வரத்தில் அதிகம் காண்பது வைவாக்ஸ் என்ற வேறு வகை.

கொசு மரபியலில் இந்தியா முன்பே இறங்கிய நாடுதான். டெல்லியில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடந்த கொசு மரபியல் கட்டுப்பாட்டுப் பிரிவு, உயிரிப்போர் ஆராய்ச்சி என்ற சந்தேகம் கிளம்பி 1975-இல் மூடப்பட்டது. மக்களிடம் முதலிலேயே விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும், ஆய்வையும் தொடர்ந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. இப்போதும் கொசுவை வெளியே விடுவதற்கு வெகு முன்பே செய்யவேண்டிய வேலை உண்டு: பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் தொட்டிகளில் புழு பிடித்து, அதன் மரபணுத் தொகுதியைப் படித்து, கத்தரி தேடும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு அரசு பணம் ஒதுக்கட்டும். அதுவரை தொட்டிக்கு மூடி அவசியம்.