தலைப்புக் கோப்பு வேண்டாம், தலைக்கோப்பு போதும்

சி என்ற கணினி நிரல்மொழியின் 'ஹெடர் ஃபைல்' தமிழில் 'தலைப்புக் கோப்பு' ஆகிவிட்டது. பாடக்குறிப்பில் அப்படி, கரும்பலகையில் அப்படி, மாணவர்கள் எழுதும் புராஜெக்ட் அறிக்கையிலும் அப்படித்தான். சேலத்தில் என் மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் பலர் இந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். பொருளை வேறு பக்கம் திருப்பிவிடுகிற சொல் அது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஃபங்ஷன்கள் என்னும் நிரல் துண்டுகளின் பெயர், அவை வாங்கும் மதிப்பு, திருப்பித் தரும் மதிப்பு, மாறிலிகள் என்னும் மாறாத மதிப்புகள், பல தரவுகளைச் சேர்த்துக் கட்டிய ஸ்ட்ரக்ட்டுகளின் அமைப்பு போன்றவற்றைத் தனியே எழுதி வைத்த கோப்புதான் ஹெடர். வேலையைச் செய்யும் நிரல் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். 'இன்க்ளூட்' என்று ஒரு வரி எழுதினால், அந்தக் கோப்பின் வரிகள் அத்தனையும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வரியை நிரலின் தலைமாட்டில் எழுதுவது வழக்கம். தலையில் வருவதால் ஹெடர்.

இந்த ஏற்பாடு சி மொழிக்கு 1972–73 வாக்கில் வந்தது. ஆலன் ஸ்னைடர் என்ற நிரலாளர் வற்புறுத்தியதையும், பிசிபிஎல், பிஎல்/ஒன் என்ற முந்தைய நிரல்மொழிகளில் இந்த வசதி பயன்பட்டதையும் காரணங்களாக, சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி சொல்லியிருக்கிறார். பிசிபிஎல் நிரல்களில் 'கெட்' என்று எழுதி 'லிப்ஹெச்டிஆர்' என்ற கோப்பை இழுப்பார்கள். நூலக ஹெடர் என்பதன் சுருக்கம் அது. வரலாறு இவ்வளவுதான்.

இப்போது தலைப்புக்கு வருவோம். தலைப்பு என்றால் கட்டுரைக்கு வைக்கும் பெயர். பட்டிமன்றத் தலைப்பு, செய்தித் தலைப்பு, கவிதைத் தலைப்பு. கேட்ட மாத்திரத்தில் தமிழன் மனத்தில் வருவது அதுதான். தலைப்பு என்பது உள்ளே இருப்பதற்கு மேலே ஒட்டிய பெயர். அதை மாற்றினாலும் உள்ளே ஒன்றும் மாறாது. ஹெடர் அப்படிப்பட்டதா? அதில் ஒரு எண் மாறினால் நிரல் முழுக்க வேறு மாதிரி ஓடும்.

தலையில் இருப்பதைச் சொல்லத் தமிழுக்கு வழி தெரியாமலா போய்விட்டது? நம் மாவட்டத்திலேயே ஓர் ஊருக்குத் தலைவாசல் என்று பெயர். மேட்டூர்த் தண்ணீர் பாயும் இடங்களில் தலைமடைக்காரர், கடைமடைக்காரர் என்று பிரித்துச் சொல்வார்கள். தலைநகர், தலைக்கவசம், தலைமகன் என்று எத்தனையோ இருக்கின்றன. எதிலாவது 'ப்பு' வருகிறதா? தலைப்பு வாசல் என்றோ தலைப்பு மடை என்றோ யாராவது சொன்னால் சிரிக்க மாட்டோமா? கோப்புக்கு மட்டும் ஏன் அந்த ஒட்டு?

இதற்கு இரண்டு மறுமொழிகள் எனக்குக் கிடைத்திருக்கின்றன. ஒன்று, தலைப்பு என்றால் பெயர் மட்டுமல்ல, சேலைத் தலைப்பும் உண்டே, ஓரத்துப் பகுதி என்ற பொருளும் இருக்கிறதே என்பது. உண்மைதான். சேலை நெய்யும் இளம்பிள்ளைக்குப் போய் எந்தக் கடையிலும் தலைப்பைக் காட்டுங்கள் என்றால் முந்தியை விரித்துக் காட்டுவார்கள். ஆனால் அங்கே 'சேலை' என்ற சொல் முன்னால் நின்றோ, கடையின் சூழலோ அந்தப் பொருளைத் தருகிறது. 'கோப்பு' என்ற சொல்லோடு சேர்ந்தால் யாருக்கும் முந்தி நினைவுக்கு வராது. கோப்புக்குத்தான் பெயர் வைக்கும் பழக்கம் உண்டே, அதனால் குழப்பம் இன்னும் கூடுகிறது. கோப்பின் தலைப்பா, தலைப்பாக இருக்கும் கோப்பா?

இன்னொரு மறுமொழி, சொல் பரவிவிட்டது, இனி மாற்ற முடியாது என்பது. இதை என்னால் ஏற்கவே முடியாது. பேருந்துநிலையப் பேச்சு வழக்கில் ஊறிப்போன சொல்லாக இருந்தால் நானே விட்டுவிடுவேன். இது பாடம் நடத்துகிறவர்கள் சிலர் எழுதி, அதைப் பார்த்து மற்றவர்கள் எழுதிய சொல். எழுதியவர்களே திருத்தினால் முடிந்தது.

தவறான சொல்லால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று காட்டுகிறேன். ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ ஆலை. மரவள்ளிக்கிழங்கு லாரி எடைமேடையில் ஏறியதும், எடைக்கருவி சீரியல் வயர் வழியாக எண்ணை அனுப்பும். லினக்ஸ் ஓடும் ஒரு சிறு கணினி அதை வாங்கிப் பதிய வேண்டும். ரஸ்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில் எழுதுகிறோம் என்று என் மாணவர்கள் இருவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். சீரியல் போர்ட்டுக்கான விவரங்கள் சி மொழியில் 'டெர்மியோஸ்' என்ற ஹெடர் வழியே கிடைக்கும். அந்த வரையறைகளை ரஸ்ட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். நொடிக்கு 9600 பிட் என்ற வேகத்துக்கு உரிய மாறிலி பி9600. அந்தக் கணினியின் ஹெடரில் அதன் மதிப்பு 0000015. பிள்ளைகள் அதை அப்படியே எடுத்து ஒட்டினார்கள். திரையில் எடைக்குப் பதிலாகக் குப்பை எழுத்துகள்.

சி மொழியில் சுழியத்தில் தொடங்கி இலக்கங்கள் தொடரும் முழு எண், எட்டை அடியாகக் கொண்ட எண்ம முறையில் எழுதிய எண். 015 என்றால் நாம் வழக்கமாக எழுதும் பதின்மத்தில் 13. ரஸ்ட்டில் முன்னால் எத்தனை சுழியம் இருந்தாலும் அது பதின்மம்தான். 0000015 என்பது வெறும் 15. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். சரி, அந்த ஹெடரில் 15 எதற்கு உரியது? பி38400க்கு, அங்கே அது 0000017 என்று எழுதியிருக்கும். ஆக, கருவி 9600இல் பேச, கணினி 38400இல் கேட்டுக்கொண்டிருந்தது. மேக் கணினியில் பி9600இன் மதிப்பு 9600 என்றே இருக்கும். பெயர் ஒன்றுதான், மதிப்பு இடத்துக்கு இடம் வேறு.

ஏம்ப்பா இப்படி ஒட்டினீங்க என்று கேட்டேன். "தலைப்புதானே சார், பேரு சரியா இருந்தா போதும்னு நெனச்சோம்" என்றான் ஒருவன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குக் கொடுத்த சொல் அப்படி நினைக்க வைத்தது.

ஸ்ட்ரக்ட்டுகளிலும் இதே கதைதான். ஓர் எழுத்துக்கான 'கேர்', அடுத்து முழு எண்ணுக்கான 'இன்ட்'. 1 பைட்டும் 4 பைட்டும் சேர்ந்து 5 என்று கணக்குப் போட்டால், வழக்கமான கணினிகளில் கம்பைலர் நடுவில் 3 பைட் வெற்றிடம் விட்டு 8 ஆக்கி வைத்திருக்கும். பெரிய முழு எண்ணுக்கான 'லாங்' 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4. வேறு மொழிக்குக் கொண்டுபோகிறவர் இதையெல்லாம் பார்த்தே கொண்டுபோக வேண்டும். ரஸ்ட்டில் பைண்ட்ஜென், ஃப்ரீ பாஸ்கலில் எச்2பாஸ், ஜாவாவில் ஜெக்ஸ்ட்ராக்ட் என்று இந்த மாற்றத்தைச் செய்துதரும் கருவிகள் இருக்கின்றன. இருந்தாலும் கம்பைல் செய்யும் முன் ஒரு பெயருக்குப் பதில் வேறு எழுத்தை இட்டு நிரப்பும் மேக்ரோக்கள் ஃபங்ஷன் போலத் தோற்றம் தந்து வந்தால் பெரும்பாலும் ஆள்தான் உட்கார்ந்து எழுத வேண்டும்.

அஸ்தம்பட்டியில் இருக்கும் தமிழாசிரியர் நண்பர் ஒருவர் 'பாயிரக் கோப்பு' என்று வைக்கலாமே என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே என்று நன்னூல் சொல்கிறது. பல நிரல்களுக்கு ஹெடர் அவ்வளவு முக்கியம். ஆனால் பாயிரம், அதாவது முன்னுரை, ஒரு நூலுக்கு உரியது, அந்த நூலோடு கிடப்பது. ஹெடரோ தனிக் கோப்பு. ஒரே ஹெடரை ஆயிரம் நிரல்கள் இழுத்துக்கொள்ளும். அப்புறம், பாயிரம் என்றால் என்ன என்று முதலில் ஒரு வகுப்பு எடுத்துவிட்டுத்தான் ஹெடருக்கு வர முடியும். தூய தமிழ் எனக்கும் வேண்டும். ஆனால் கேட்டவுடன் விளங்காத தூய்மையைக் கலைச்சொல்லில் வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குள்ள பெரிய குறை, சொல்லைப் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை என்பதே. பட்டியலில் 'ஹெடர்' என்று வந்தால் அது பக்கத்தின் மேல்வரியா, அட்டவணையின் முதல் வரிசையா, மின்னஞ்சலின் முன்பகுதியா, சி கோப்பா என்று கேட்பதே கிடையாது, எல்லாம் தலைப்பு. அதே போல 'டிக்ளரேஷன்', 'டெஃபினிஷன்' இரண்டையும் வரையறை என்றே எழுதிவிடுகிறார்கள். ஃபங்ஷன் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்வது அறிவிப்பு. அதன் உடலை எழுதுவது வரையறை. ஹெடரில் ஃபங்ஷன்களுக்கு இருப்பது பெரும்பாலும் அறிவிப்பு. இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு ஹெடரை எப்படி விளக்குவது?

ஆகவே தலைக்கோப்பு. தலைவாசலைப் போலத் தலையில் இருப்பது; கோத்து வைத்ததால் கோப்பு. இழுக்கும்போது 'தலைக்கோப்பைச் சேர்', வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போது 'தலைக்கோப்பு மாற்றம்', ஒரே கோப்பு இரண்டு முறை உள்ளே வராமல் தடுக்க மேலே எழுதும் வரிகளுக்குத் 'தலைக்கோப்புக் காவல்'. எழுதும்போது 'க்' விட்டுவிட வேண்டாம். 'தலைகோப்பு' என்று எழுதினால் தலையைக் கோத்து வைத்தது போல ஒலிக்கும்.