"பாஸ்புக்கை எடுத்தது நீதான்": அல்சைமர் வந்த வீட்டில கள்ளிப்பட்டம் கேக்கிற மனுசிமாருக்கு

மறதிக்கெண்டு எங்கட மனநலக் கிளினிக்குக்கு வாற வயசான சோடிகள்ல ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பாக்கிறன். ஐயா கதிரையில வடிவா இருந்து "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை டொக்டர், இவதான் இழுத்துக்கொண்டு வந்தவ" எண்டு சிரிச்சுச் சிரிச்சுக் கதைப்பார், பின்னால நிக்கிற அம்மா கண்ணாலயும் கையாலயும் என்னவோ காட்டுவா, ஆனா வாய் திறக்க மாட்டா. பிறகு மருந்துத் துண்டோட வெளியில போனவ, அவரை வாங்கில இருத்திப்போட்டு ஓடி வந்து ஒரே மூச்சில சொல்லுவா: "என்னைக் கள்ளி எண்டுறார் டொக்டர். இவ்வளவு காலம் சமைச்சுப் போட்டவள் நான்." இப்பிடி ஓடத் தேவையில்லை, வீட்டிலயே ஒரு கடதாசியில எழுதி கிளினிக் கொப்பிக்குள்ள வச்சுத் தாங்க, நாங்க வாசிச்சுக்கொள்ளுவம்.

இது உங்கட வீட்டில மட்டும் நடக்கிற அவமானம் இல்லை, அல்சைமர் எண்ட இந்த மறதி வருத்தத்தின்ர முதல் கேஸிலயே இருந்தது. 1901ல ஜெர்மனியில ஃபிராங்ஃபர்ட் ஆஸ்பத்திரியில அலோயிஸ் அல்சைமர் எண்ட டொக்டர் 51 வயசுப் பெண் ஒராளைப் பாத்தவர். அந்தப் பெண்ணுக்கு ஆரம்பத்திலயே வந்தது புருசன்மேல கடும் சந்தேகம், அதோட சாமான்களை வீட்டுக்குள்ள அங்கயும் இஞ்சயும் தூக்கிக்கொண்டு திரியிறது, ஒளிச்சு வைக்கிறது. அவ இறந்த பிறகு மூளையை ஆராய்ஞ்சு 1906ல அவர் அதைப் பத்திப் பேசினார், பிறகு அவர்ட பேரே வருத்தத்துக்குப் பேராப்போச்சு.

ஏன் மனுசியிலதான் பழி விழுது? அல்சைமர் அநேகமா முதல்ல தாக்கிறது புதுசா நடக்கிறதைப் பதிஞ்சு வைக்கிற மூளைப் பகுதியைத்தான், பழசு கனகாலம் அப்பிடியே கிடக்கும். நேற்று கள்ளனுக்குப் பயந்து பாஸ்புக்கை அரிசி வாளிக்குள்ள வச்சது பதியேல்ல. தனக்கு ஒரு பாஸ்புக் இருக்கெண்டது மட்டும் நல்லா ஞாபகம். அலுமாரியைத் திறந்தா அது இல்லை, நடுவில உள்ள ஓட்டையை மூளை தானா ஒரு கதையால அடைக்குது, வீட்டில அவரைத் தவிர இருக்கிறது நீங்க ஒராள்தான், அப்ப எடுத்தது வேற ஆர்? அவர் பொய் சொல்லேல்ல, அவருக்கு அது நடந்த விஷயம். அதாலதான் நீங்க சத்தியம் பண்ணினாலும், அழுதாலும், "உங்கட காசில ஒரு சதம் நான் தொட்டனா" எண்டு கேட்டாலும் ஒண்டும் ஏறாது.

அப்ப என்ன செய்யிறது எண்டா, முதல்ல "நான் எடுக்கேல்ல" எண்ட வசனத்தை விட்டிடுங்க. "ஐயோ பாஸ்புக்கைக் காணேல்லையா, வாங்க ரெண்டு பேருமாத் தேடுவம்" எண்டு எழும்புங்க. எங்க இருக்கெண்டு தெரிஞ்சாலும் நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது, குடுத்தா "பாத்தியா, ஒளிச்சு வச்சது நீதானே" எண்டு முடிஞ்சுது. அந்தப் பக்கமா மெல்லக் கூட்டிக்கொண்டு போய், அவர்ட கையே அதில படட்டும். ஒளிக்கிற இடங்கள் பெரும்பாலும் மாறாது: தலையணை உறை, சாமித்தட்டுப் படத்துக்குப் பின்னால, அலுமாரித்தட்டில விரிச்ச பேப்பருக்குக் கீழ, பழைய சப்பாத்து. குப்பை வாளியைக் கொட்ட முதல் ஒருக்காக் கிளறிப் பாருங்க, பல்செட்டும் காதுமெசினும் அதுக்குள்ள போன வீடுகள் இருக்கு. உண்மையான பாஸ்புக்கையும் அடையாள அட்டையையும் நம்பிக்கையான பிள்ளையிட்டக் குடுத்திட்டு, அவருக்குப் பழைய பாஸ்புக் ஒண்டும் சில்லறை நோட்டு வச்ச பேர்ஸும் குடுங்க, எண்ணிக்கொண்டு இருக்கட்டும். காணி உறுதி, பேங்க் அலுவல் எல்லாம் அவருக்கு விளங்கிற காலத்திலயே ஒரு சட்டத்தரணியிட்டக் கதைச்சு முடிக்க வேணும், விளக்கம் குறைஞ்ச பிறகு கையெழுத்து வாங்கப் போனா சட்டத்தாலயும் சிக்கல், வீட்டுக்குள்ளயும் சண்டை.

நான் பாக்கிற ஒரு வாத்தியார் (அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தித்தான் எழுதுறன்) அந்தக் காலத்தில லோஞ்சில, அதாவது இயந்திரப் படகில, கடல் கடந்து போய் மூதூர்ல படிப்பிச்சவர். இப்பவும் விடியக் காலமை நாலு மணிக்கு எழும்பிக் குளிச்சு, சேர்ட்டைப் போட்டு, பாக்கைத் தூக்கிக்கொண்டு லோஞ்சுக்கு நேரமாச்சு எண்டு கதவடியில நிப்பார். மனுசி முதல்ல எல்லாரையும் போலத்தான் செய்தவ, "பென்சன் எடுத்து எத்தினை வருசம், கிண்ணியாப் பாலமே 2009ல திறந்தாச்சு, ஆர் இப்ப லோஞ்ச் பாத்துக்கொண்டு நிக்கிறது" எண்டு ஒண்டொண்டாச் சொல்ல, அவர் "என்னைப் பூட்டி வச்சிட்டு என்ர சம்பளத்தை எடுக்கப் பாக்கிறாய்" எண்டு கத்தத் தொடங்கிடுவார். பிறகு ஒருநாள் அவவே கண்டுபிடிச்ச மருந்து: "இண்டைக்குக் கடல் சரியில்லையாம், லோஞ்ச் ஓடாதாம். ரீயைக் குடிங்க." அவர் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இருந்திட்டார். நாங்க ஆரும் சொல்லிக் குடுக்கேல்ல.

பொய் சொல்லச் சொல்றீங்களா எண்டு கேப்பாங்க. ஓம், இந்தப் பொய் சொல்லலாம். செத்துப்போன தாயை எங்க எண்டு ஒராள் நாளுக்குப் பத்துத்தரம் கேட்டா, பத்துத்தரமும் செத்த வீட்டுச் செய்தி சொல்லிறதில என்ன நேர்மை இருக்கு? ஆனா சாப்பாட்டுக்குள்ள மருந்தைக் களவாக் கலக்கிறது வேற விஷயம், எங்களைக் கேக்காமச் செய்யாதீங்க.

கிண்ணியாப் பக்கம் ஒரு பெரியவர், மனுசிக்குத்தான் வருத்தம். அவர் அறைக்குள்ள போனா அவ முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளுவா, அவவுக்கு அவர் அந்நிய ஆம்பிளை. அவருக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சு. முகத்தை அடையாளம் காணுறதுக்கும் குரலை அடையாளம் காணுறதுக்கும் மூளையில வேற வேற பாதைகள் இருக்கு, ஒண்டு கெட்டாலும் மற்றது சில நேரம் வேலை செய்யும் எண்டு சொன்னன். இப்ப அவர் வாசல்ல நிண்டு முதல்ல சலாம் சொல்லுறார், உள்ளுக்கிருந்து அவ பதில் சலாம் சொன்ன பிறகுதான் போறார். எல்லா நாளும் பலிக்காது, அநேகமான நாள்ல பலிக்குதாம்.

பின்னேரம் பட்டா சந்தேகமும் அந்தரமும் கூடும். இருட்ட முதலே லைட்டைப் போடுங்க, ஜன்னல் சீலையை இழுத்து விடுங்க. ராவில கண்ணாடியில தெரியிற தன்ர உருவத்தையே கள்ளன் எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம், அப்பிடி எண்டா நிலைக்கண்ணாடியையும் மூடி விடுங்க.

கனடாவில இருக்கிற பிள்ளையளுக்கு ஒரு வார்த்தை. வட்ஸ்அப்பில பத்து நிமிசம் அப்பா நல்லாத்தான் கதைப்பார், அந்தப் பத்து நிமிசத்துக்கு எப்பிடியோ தன்னைப் பிடிச்சு வச்சிருப்பார், மிச்ச நேரத்துக்குச் சாட்சி அம்மாதான். "அப்பா ஓகேதானே, நீங்கதான் கோவப்படுறீங்க" எண்டு தயவுசெய்து சொல்லாதீங்க. காசு அனுப்புறதோட, கிழமையில ரெண்டு பின்னேரம் அப்பாவோட இருக்க ஒராளை ஒழுங்கு பண்ணி விடுங்க. அம்மா தன்ர பிரஷர் கிளினிக்குக்குப் போய் எவ்வளவு நாள் எண்டு கேட்டுப் பாருங்க, அநேகமா ஞாபகம் இருக்காது, அவவுக்கு அல்சைமர் இல்லாமலே.

செய்வினை எண்டு நூல் கட்டப் போற ஆக்களும் இருக்கினம், "வயசு போனா அறளை பெயரும்தானே" எண்டு பேசாம இருக்கிற ஆக்களும் இருக்கினம். நூல் கட்டுறதெண்டா கட்டுங்க, கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு வாங்க, ஏனெண்டா தைரொயிட் குறைஞ்சாலும் பீ 12 விற்றமின் குறைஞ்சாலும் மறதி வரும், அதுக்கு வைத்தியம் இருக்கு. அல்சைமருக்குக் குடுக்கிற டொனெபெசில் போன்ற குளிசைகள் வருத்தத்தை மாத்தாது, சில பேருக்குக் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்க உதவும், சந்தேகத்தை அப்பிடியே துடைச்சு எடுக்கும் எண்டு எதிர்பார்க்காதீங்க. ராவில நித்திரை கொள்ளட்டும் எண்டு ஃபார்மசியில பிரிட்டன் (Piriton) எண்ட அலர்ஜிக் குளிசையை வாங்கிக் குடுக்கிறது எங்கட ஊர்ல சரியான கூட, அது மூளைக் குழப்பத்தை இன்னும் கூட்டும். வேற ஆளுக்கு எழுதின நித்திரைக் குளிசையும் வேண்டாம், விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா பிறகு கட்டில்தான்.

மாசக்கணக்கா ஒரே மாதிரி இருந்தவர் ரெண்டு மூண்டு நாளுக்குள்ள திடீரெண்டு அடிக்க வந்தாலோ, இல்லாத ஆக்களைக் கண்டாலோ, பகல் முழுக்க மயங்கிக் கிடந்தாலோ அது அல்சைமர் முத்தினது எண்டு நினைச்சுப் பாத்துக்கொண்டு இருக்காதீங்க. சலக்கிருமி, மலச்சிக்கல், காய்ச்சல், புதுசாத் தொடங்கின குளிசை, இதில ஒண்டா இருக்கலாம். கிளினிக் திகதி வரைக்கும் நிக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, குடிக்கிற குளிசை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கையோட கொண்டு போங்க. ஆரோடயாவது கதைக்க வேணும் போல இருந்தா 1926க்கு ஃபோன் எடுங்க, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், ராவில எடுத்தாலும் பரவாயில்லை.